நாலு மணி நேரத் திருகோணமலை!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ரோட்டில் வேலை பார்ப்பவர்களுக்குக் கடல் என்பது ஒரு வதந்தி. கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வரும்போது செம்பரம்பாக்கம் ஏரி கண்ணில் பட்டால், எங்களுக்கு அதுதான் வங்காள விரிகுடா! மற்றபடி இந்தப் பக்கம் அலை அலையாக வருவதெல்லாம் கண்டெய்னர் லாரிகள்தான்.

அதிலும் எங்கள் வல்லம் வடகால் இருக்கிறதே... பேரைக் கேட்டால் ஏதோ ஏரிக்கரை கிராமம் மாதிரி இருக்கும். கிராமம்தான். ஆனால் சிப்காட் வந்த பிறகு, வயலில் நெல்லுக்குப் பதில் ஷெட்டுகள் முளைத்துவிட்டன. ராயல் என்ஃபீல்டு 2017-லிருந்து இங்கே புல்லட் செய்கிறது. 2024 ஆகஸ்டில், ஃபாக்ஸ்கான் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு தங்கும் விடுதி திறந்தார்கள். 706 கோடி ரூபாய்! 18,720 பேர் தங்கலாம். ஒரு தாலுகாவையே மாடி மாடியாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

இப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து நாலு பேர் சொகுசுக் கப்பலில் ஏறி இலங்கைக்குப் போன கதைதான் இது. கதை என்றால் கதை இல்லை. கணக்கு. அதுவும் நிமிஷக் கணக்கு.

எங்கள் ஆபீசில் ஆளின் பெயரைவிட டிபார்ட்மெண்ட் பெயர்தான் பிரபலம். ஆகவே நீங்களும் அப்படியே தெரிந்துகொள்ளுங்கள். 'அக்கவுண்ட்ஸ்' - டீ குடித்தாலும் பில் கேட்பவன். 'குவாலிட்டி' - இட்லியைக்கூட திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான். 'ஸ்டோர்ஸ் அண்ணன்' - எங்களைவிட இருபது வயது பெரியவர். ஒரு நட்டு கேட்டால்கூட கையெழுத்து வாங்காமல் தரமாட்டார். நான் 'டிஸ்பாட்ச்'. எது எப்போது வெளியே போகிறது என்று பார்ப்பது என் வேலை. நான் மட்டும் எங்கேயும் போனதில்லை.

2023-ல் ஆலையைப் பராமரிப்புக்காக ஐந்து நாள் மூடினார்கள். ஐந்து நாள் சேர்ந்தாற்போல் லீவு! குவாலிட்டி உடனே "ஊட்டி" என்றான். "ஊட்டியில பார்க்கிங் கிடைக்கிறதுக்குள்ள லீவு முடிஞ்சிடும்" என்றான் அக்கவுண்ட்ஸ். அந்தச் சமயம் பார்த்துத்தான் பேப்பரில் கப்பல் விளம்பரம் வந்தது.

அந்த வருஷம் ஜூன் 5-ம் தேதி, சென்னைத் துறைமுகத்தில் புது பயணிகள் முனையத்தைத் திறந்துவைத்து, இலங்கைக்குப் போகும் சொகுசுக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பிவைத்தார் மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை - மூன்று துறைமுகங்கள். விளம்பரத்தில் நீலக் கடல், வெள்ளைக் கப்பல், நடுவில் ஒரு தென்னை மரம். அந்தத் தென்னை மரம்தான் எங்களைக் கவிழ்த்தது.

"தெரியுமா, 2022 ஜூன்ல சென்னையிலேருந்து கெளம்பின கப்பல் புதுச்சேரி வரைக்கும் போயும், அரசாங்கம் அனுமதி குடுக்காததால ஒருத்தரும் கரையில எறங்க முடியலை. கடல்லேருந்தே புதுச்சேரியைப் பார்த்துட்டுத் திரும்பினாங்க" என்று பயமுறுத்தினான் அக்கவுண்ட்ஸ்.

"புதுச்சேரியைத் தூரத்திலேருந்து பார்க்கிறதுக்குக் கப்பல் எதுக்குடா? திண்டிவனத்துல நின்னா போதாதா?" என்றான் குவாலிட்டி.

ஆச்சரியம் என்னவென்றால், டீக்கடைக்கே நாலு தரம் யோசித்துவிட்டு வரும் ஸ்டோர்ஸ் அண்ணன், "திருகோணமலை போவுதா? அப்ப என் பேரையும் எழுதுங்க தம்பி" என்றார். மூன்று பேரும் வாயைப் பிளந்தோம். அவர் பாஸ்போர்ட்டே எடுத்து வைத்திருந்தார்!

* * *

காரணத்தைக் கப்பலில், இரண்டாம் நாள் ராத்திரி, மேல்தளத்தில் காற்று வாங்கும்போது சொன்னார்.

அவருடைய அம்மா பிறந்தது திருகோணமலையில். தாத்தா இந்தியாவிலிருந்து போய் அங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். 1957-ல் அந்தத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துவிட்டு வெள்ளைக்காரன் போனான். வேலையும் போனது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இந்திய வம்சாவளிக்காரர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சமிருக்கும் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று பங்கு பிரித்தார்கள். ஸ்டோர்ஸ் அண்ணனின் தாத்தா குடும்பம் அந்த ஐந்தேகால் லட்சத்தில் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் எங்கெங்கோ அலைந்து...

"எங்கம்மாவுக்கு அந்த ஊர் மறக்கவே இல்லை தம்பி. கன்னியான்னு ஒரு எடம். ஏழு வெந்நீர்க் கிணறு. சின்னப் புள்ளையில வாளி போட்டு மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டு நிப்பாங்களாம். அவங்க தாத்தாவுக்குக் காரியம் பண்ணினதும் அங்கதானாம். போன வருஷம் தவறிப்போறதுக்கு முன்னாடி, 'எப்பவாச்சும் அந்தப் பக்கம் போனா, எனக்காக ஏழு கெணத்துலயும் ஒரு முழுக்குப் போட்டுடுடா'ன்னாங்க."

நாங்கள் ஒன்றும் பேசவில்லை. குவாலிட்டி மட்டும் விளம்பரத் தாளை எடுத்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தான். 'திருகோணமலைக் கரைச் சுற்றுலா - கோணேஸ்வரம் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை. தலைக்கு 4,800 ரூபாய்.' கன்னியா என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "ஓ.கே. ஸ்பெசிஃபிகேஷன் சரியா இருக்கு" என்றான்.

கன்னியாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர் சுமாருக்கு வடமேற்கே இருக்கிறது. ஏழும் சின்னச் சின்னச் சதுரக் கிணறுகள். அகலமும் ஆழமும் அதிகமில்லை, குனிந்து மொண்டுகொள்ளலாம். பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசப்படும். இராவணன் தன் தாயாருக்குக் கருமம் செய்யத் தண்ணீர் வேண்டி வாளால் ஏழு இடத்தில் குத்த, ஏழு ஊற்று கிளம்பியது என்பது ஐதீகம். அதனால் அந்தப் பக்கத்துத் தமிழர்கள் இறந்தவர்களுக்கான காரியத்தை அங்கே வந்து செய்கிற வழக்கம் உண்டு. அம்மா சும்மா சொல்லவில்லை.

* * *

மறுநாள் காலை திருகோணமலை. சும்மா சொல்லக்கூடாது ஸார்... அந்தத் துறைமுகத்துக்குள் கப்பல் நுழைகிற அழகு இருக்கிறதே! இரண்டு பக்கமும் பச்சைக் குன்றுகள் கை கோத்துக்கொண்டு நிற்க, நடுவில் குளம் மாதிரி அசையாத கடல். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. இதற்காகத்தான் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பான்காரன் விமானத்தில் வந்து குண்டு போட்டான். குன்றுகளுக்கு நடுவே பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்த் தொட்டிகள் இன்றைக்கும் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒரு பகுதி நம் இந்தியன் ஆயில் கம்பெனியின் இலங்கைக் கிளையிடம் இருக்கிறது.

கப்பல் கட்டிய பிறகுதான் எங்கள் ஷிஃப்ட் ஆரம்பமானது. ஆமாம், ஷிஃப்ட் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை. அப்புறம் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு நம்பர் ஸ்டிக்கர். எங்கள் நம்பர் 11. அப்புறம் கியூ. அப்புறம் தலை எண்ணுதல். அப்புறம் இன்னொரு கியூ. கீழே வரிசையாக ஏ.சி. பஸ்கள். பஸ்ஸில் ஏறியதும் மறுபடி தலை எண்ணுதல்.

"தம்பி, நாம லீவுலதானே வந்திருக்கோம்?" என்றார் ஸ்டோர்ஸ் அண்ணன், கழுத்து அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு.

எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ் கிளம்பும்போது பத்தரை. இரண்டரை மணிக்கெல்லாம் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும் என்று மைக்கில் அறிவித்தார்கள். ஆக மொத்தம் நாலு மணி நேரம். ஓர் ஊருக்கு!

துறைமுக வாசலைத் தாண்டும்போது ஒரு காட்சி. முப்பது நாற்பது ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. துடைத்துப் பளபளவென்று. சில ஆட்டோக்களில் தமிழில் அட்டை எழுதி மாட்டியிருந்தார்கள்: 'கோயில், கன்னியா, நிலாவெளி'. டிரைவர்கள் ரோட்டோரம் நின்று எங்கள் பஸ்ஸைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். நாங்களும் கை ஆட்டினோம். வரிசையாகப் பன்னிரண்டு பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. ஒரு பஸ்கூட நிற்கவில்லை.

2022-ல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் திணறி, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் கியூவில் நின்ற நாடு. ஆயிரத்துச் சொச்சம் பேரைச் சுமந்துகொண்டு ஒரு கப்பல் வருகிறது என்றால் அந்த டிரைவர்கள் என்ன கணக்குப் போட்டிருப்பார்கள்! எங்களுக்கோ சாப்பாடு கப்பலில், தண்ணீர் பாட்டில் கப்பலில், பஸ் கப்பல் ஏற்பாடு. பஸ்ஸிலிருந்து நாங்கள் ஊருக்குக் கொடுத்தது கையசைப்பு மட்டும்தான்.

* * *

எங்கள் பஸ் வழிகாட்டி திருகோணமலைப் பையன். இருபத்தைந்து வயசு இருக்கும். அழகான தமிழ். "வணக்கம், எல்லாரும் சுகமா இருக்கிறீங்களோ?" என்று அவன் ஆரம்பித்ததுமே அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கம்மா இப்படித்தான் பேசுவாங்க!"

முதலில் கோணேஸ்வரம். கோட்டை வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இந்தக் கோட்டைக்கு ஒரு சரித்திரம் உண்டு. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் சுவாமி மலையில், சம்பந்தர் தேவாரம் பாடிய பெரிய கோயில் இருந்தது. 1620-களில் போர்த்துக்கீசியர் அதை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசல் தூணில் பழைய மீன் சின்னமும் எழுத்தும் இன்றைக்கும் இருக்கின்றன. 1950-ல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சாமி சிலைகள் கிடைத்தன. 1956-ல் ஆர்தர் கிளார்க் - ஆமாம், விண்வெளிக் கதை எழுதிய அதே மனிதர்தான் - தன் நண்பர் மைக் வில்சனோடு இந்தப் பாறைக்கு அடியில் கடலில் முழுகி, இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களைப் பார்த்தார். 1963-ல் புதிதாகக் கட்டிக் கும்பாபிஷேகம் செய்தார்கள்.

இவ்வளவையும் வழிகாட்டித் தம்பி ஓடிக்கொண்டே சொன்னான். அவன் ஓட, நாங்கள் ஓட, கோட்டைக்குள் மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்கள் மட்டும் நிதானமாக நின்று எங்களைப் பார்த்தன. மீன் சின்னத்தை நான் பார்க்கவில்லை. முன்னால் போனவரின் முதுகைத்தான் பார்த்தேன்.

கோயிலில் பன்னிரண்டு பஸ் ஜனமும் ஒரே சமயத்தில் இறங்கினால் என்ன ஆகும்? நம் ஊர் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் ஆடிக் கிருத்திகைக்கு ஆகிற கதிதான். பெரிய சிவன் சிலைக்கு முன்னால் செல்போன் காடு. செருப்பை விட்டு, சட்டையைக் கழற்றி, உள்ளே போய் நிற்பதற்குள் திரை போட்டுவிட்டார்கள். திரை விலகுவதற்குள் "பஸ் நம்பர் பதினொண்ணு!" என்று வெளியே குரல்.

ஓடி வரும் வழியில் இராவணன் வெட்டு. செங்குத்தாகப் பிளந்து கிடக்கும் பாறை, அதற்கு வெகு கீழே கரும்பச்சைக் கடல். பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டிக் குட்டி மரத் தொட்டில்கள் காற்றில் ஆடின. அங்கே ஓர் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் போதும், டிக்கெட் காசு செரித்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு செல்ஃபி. அதிலும் என் கண் மூடியிருக்கிறது!

மொத்தம் இருபத்தைந்து நிமிஷம்.

"அடுத்தது கன்னியாதானே தம்பி?" என்றார் அண்ணன். பையில் துண்டு, மாற்று வேட்டி எல்லாம் தயாராக வைத்திருந்தார்.

வழிகாட்டி, "ஓம் அண்ணை. அதுக்கு முதல் ஒரு சின்ன நிப்பாட்டல்" என்றான்.

* * *

அந்தச் 'சின்ன நிப்பாட்டல்' ஒரு கடை. ரத்தினக் கல், மர யானை, தேயிலைப் பெட்டி, முந்திரிப் பருப்பு, 'இலங்கை' என்று எழுதின டீ-ஷர்ட். உள்ளே போக ஒரு வாசல். வெளியே வர வேறு வாசல். இரண்டுக்கும் நடுவே ஊர்வலம் மாதிரி வளைந்து வளைந்து எல்லா அலமாரியையும் தாண்டித்தான் வரவேண்டும். நம் அசெம்பிளி லைன் இன்ஜினீயர் போட்ட வரைபடமோ என்று சந்தேகம்.

அண்ணன் உள்ளே போகவே இல்லை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம். இருபது. முப்பது. ஓர் அம்மாள் பச்சைக் கல்லுக்கும் நீலக் கல்லுக்கும் நடுவே முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸே அந்தக் கல்லில்தான் தொங்கியது.

ஐம்பது நிமிஷம் கழித்துப் பஸ் கிளம்பியபோது தம்பி மைக்கைப் பிடித்து, "நேரம் போட்டுது. கன்னியாவுக்கும் நிலாவெளிக்கும் இனி ஏலாது. துறைமுகத்துக்குத் திரும்ப வேணும். மன்னிக்க வேணும்" என்றான். கடற்கரையை விரும்புகிறவர்கள் வலது பக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாமாம்!

பஸ்ஸில் ஒரே இரைச்சல். "காசைத் திருப்பிக் கொடு" என்றார் ஒருவர். அண்ணன் எழுந்து போய் மெதுவாக அவனிடம் விஷயத்தைச் சொன்னார். அம்மா, முழுக்கு, ஏழு கிணறு எல்லாம். அந்தப் பையன் மைக்கை அணைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னதை நான் கேட்டேன்:

"அண்ணை, என்ர கையில ஒண்டும் இல்லை. கடையில நிக்காட்டி நாளைக்கு எனக்குப் பஸ் தரமாட்டினம். எங்கட அம்மம்மாவின்ர காரியமும் கன்னியாவிலதான் செய்தனாங்கள். எனக்கு விளங்காமல் இல்லை."

அண்ணன் அவன் தோளில் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. துண்டை எடுத்துப் பையின் அடியில் வைத்தார். அவ்வளவுதான்.

துறைமுக வாசலில் இறங்கும்போது மணி ஒன்று ஐம்பது. அதே ஆட்டோக்கள். அதே அட்டைகள். ஒரு டிரைவர் கிட்டே வந்து, "ஐயா, கன்னியா போவமோ? கெதியா கொண்டுபோய்க் கொண்டுவாறன்" என்றார். அண்ணன் கப்பலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். போக, வர, முழுக, மறுபடி செக்யூரிட்டி கியூவில் நிற்க... நாற்பது நிமிஷத்தில் நடக்காது. அந்தக் கடையில் நின்ற ஐம்பது நிமிஷம் கையில் இருந்திருந்தால் நடந்திருக்கும். கப்பல் கம்பெனி ஏற்பாட்டில் போன பஸ் லேட்டானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவன் லேட்டானால் டாட்டா காட்டிவிட்டுப் போய்விடும். அதுதான் உலகம் முழுக்க இருக்கிற கப்பல் விதி.

"வேணாம்பா" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் கையில் நூறு ரூபாய் இந்தியப் பணத்தை வைத்தார். அவர் வாங்க மறுத்தார். "ஓடாமல் காசு வேண்டக்கூடாது ஐயா."

* * *

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அக்கவுண்ட்ஸ் பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டான். தலைக்கு 4,800 ரூபாய். நாலு மணி நேரம் என்றால் 240 நிமிஷம். நிமிஷத்துக்கு இருபது ரூபாய். பஸ்ஸில் போக, வர 85 நிமிஷம் - 1,700 ரூபாய். தலை எண்ணியது, கியூ, காத்திருந்தது 80 நிமிஷம் - 1,600 ரூபாய். கடை 50 நிமிஷம் - 1,000 ரூபாய். கோயில் 25 நிமிஷம் - 500 ரூபாய். கன்னியா - சைபர்.

"அதாவது ஒருத்தன் கடைக்குள்ள நம்மளைக் கூட்டிட்டுப் போறதுக்கு நாம ஆயிரம் ரூபா குடுத்திருக்கோம்" என்றான்.

"மொத்த லாட்டும் ரிஜெக்ட்!" என்றான் குவாலிட்டி.

அண்ணன் சிரித்தார். "இல்லப்பா. லைன் நல்லாத்தான் ஓடிச்சு. ஸ்டேஷன் ஒண்ணு, ஸ்டேஷன் ரெண்டு, பேக்கிங், டிஸ்பாட்ச். நாமதான் பொருள்னு முன்னாடியே சொல்லலை, அவ்வளவுதான்."

முப்பது வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவர் சொன்ன அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு பெரிய வியாபாரம் இருக்கிறது. திரும்பி வந்த பிறகு துருவித் துருவிப் படித்ததில் தெரிந்துகொண்டேன்.

கப்பலுக்குக் காசு கடலில்தான். சீட்டாட்டக் கூடமும் வரியில்லாக் கடையும் பொதுவாகக் கரையில் கட்டியிருக்கும்போது மூடிக் கிடக்கும். நடுக்கடலுக்குப் போனால்தான் திறப்பார்கள். ஆக, துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கப்பலுக்கு வருமானம் இல்லாத நேரம். அது போதாதென்று துறைமுகக் கட்டணம் வேறு. அதனால் சீக்கிரம் கிளம்பத்தான் பார்க்கும். கரைக்கு இறங்கும் ஜனங்களிடமும் ஏதாவது பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் இந்தச் சுற்றுலா. டிக்கெட்டைக் கப்பலிலேயே விற்பார்கள். அதில் பாதியோ, அதற்கு மேலோ கப்பல் கம்பெனிக்கே போய்விடுகிறது, ஊர்க்காரனுக்கு மிச்சம்தான் என்று கரீபியன் தீவுகளில் பல வருஷமாகப் புகார். மிச்சத்தில் கட்டுப்படியாகாத உள்ளூர் ஏஜெண்ட் எங்கே போவார்? கடைக்காரரிடம் கமிஷனுக்குப் போவார். அந்த அம்மாளின் பச்சைக் கல் எங்கே போய் முடிகிறது பாருங்கள்!

ஹைட்டி என்ற ஏழை நாட்டில் லபாடி என்று ஒரு கடற்கரை. ஒரு பெரிய கப்பல் கம்பெனி 1980-களிலிருந்து அதைக் குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டு வைத்திருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் வேலிக்குள் நீந்தி, வேலிக்குள் சாப்பிட்டு, வேலிக்குள்ளிருந்தே திரும்பினார்கள். தாங்கள் ஹைட்டியில் கால் வைத்தோம் என்றே தெரியாமல் திரும்பியவர்கள் உண்டாம். நமக்காவது ஜன்னல் வழியாக நிலாவெளி தெரிந்தது!

எதிர்த்து நின்ற ஊர்களும் உண்டு. வெனிஸ் நகரத்தின் நடு வாய்க்காலுக்குள் பெரிய கப்பல்கள் வரக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் இத்தாலி தடை போட்டது. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற சின்ன ஊரில், கப்பலிலிருந்து ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் இறங்கக்கூடாது என்று 2022-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். திருகோணமலை அப்படிச் சொல்லும் நிலையில் இல்லை. வருகிற கப்பலைக் கைகூப்பித்தான் வரவேற்க வேண்டும். அந்த ஆட்டோக்களைப் பார்த்த எவருக்கும் அது புரியும்.

ஆகவே, கப்பலேறப் போகும் நண்பர்களுக்குச் சில வார்த்தை. கப்பல் எத்தனை மணிக்குக் கரை தொடும் என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு உங்கள் கால் தரையில் படும் என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் காணாமல் போகும். சுற்றுலாவில் கடை உண்டா, எத்தனை நிமிஷம் என்று எழுத்தில் கேளுங்கள். மூன்று இடம் என்று போட்டிருந்தால் ஒன்றுதான் கிடைக்கும் என்று மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். அந்த ஒன்று எது என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பார்க்க வேண்டியது இருந்தால், பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவில் போய்விட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பிவிடுங்கள். ஊருக்கும் நாலு காசு, உங்களுக்கும் ஊர். சும்மா காற்று வாங்க, சாப்பிட, தூங்க என்றால் கப்பல் பேஷ்! ஒரு காரியமாகப் போகிறீர்கள் என்றால் கப்பலை நம்பாதீர்கள்.

* * *

ஸ்டோர்ஸ் அண்ணன் அதற்கப்புறம் கன்னியா பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள் அல்லவா? கொஞ்ச நாளில் அது நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. சீட்டாட்டம் இல்லை, நீச்சல் குளம் இல்லை. நாலு மணி நேரத்தில் அக்கரை. மழைக் காலத்தில் நிறுத்திவிட்டு 2025 பிப்ரவரியில் மறுபடி விட்டார்கள்.

மார்ச்சில் அண்ணன் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று மட்டும் போட்டிருந்தார். நாகப்பட்டினத்தில் ஏறி, யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து பஸ்ஸில் திருகோணமலை. மறுநாள் விடிகாலையில் ஆட்டோ பிடித்துக் கன்னியா.

திரும்பி வந்ததும் மூவரும் அவர் மேஜையைச் சூழ்ந்துகொண்டோம். போட்டோ எதுவும் எடுக்கவில்லை என்றார். ஏழு கிணற்றிலும் வாளி போட்டு மொண்டு ஊற்றிக்கொண்டாராம். ஆட்டோக்காரர் வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்து, பிறகு தன் வீட்டுக்கே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டாராம். காத்திருந்ததற்குக் காசு கொடுத்தபோது இந்தத் தடவை வாங்கிக்கொண்டாராம்.

"தண்ணி எப்படி இருந்துச்சுண்ணே?" என்றேன்.

"நாலாவது கெணறுதான் கொஞ்சம் சூடு ஜாஸ்தி. எங்கம்மா மூணாவதுன்னு சொல்லுவாங்க. எந்தப் பக்கத்திலேருந்து எண்ணினாங்களோ, தெரியலை" என்று சொல்லிவிட்டு, ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். நாலு நாளாக அவர் இல்லாதபோது நான் கையெழுத்துப் போடாமல் எடுத்துப்போன பதினாறு போல்ட்டுக்கு!